பனிக்குப் போட்ட மணை

எங்கள் ஊரில் குளிர் வருவதற்கு முன்னால் அது உட்கார ஒரு மணை போட்டு வைக்க வேண்டும். இதைச் சொன்னால் பரமக்குடியில் இருக்கும் என் அண்ணன் பெண்டாட்டி இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் சிரித்தவள்தான். பங்குனியில் தார் ரோடு இளகிச் செருப்பில் ஒட்டிக்கொள்ளும் ஊரில் பிறந்து, இருபது வயதில் கொடைக்கானலையும் தாண்டிப் பஸ் கடைசியாகத் திரும்புகிற தாழிப்பாறைக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். ராக்கம்மா என்ற என் பெயர் இங்கே ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்குள் நான் பரமக்குடியம்மா, என்மேல் கோபம் வந்தால் பரமக்குடிக்காரி.

என் வீட்டுக்காரர் குழந்தைவேல் மலைப்பூண்டு மூட்டை ஏற்றிய லாரியில் எங்கள் அப்பாவின் பலசரக்குக் கடைக்கு வந்தவர். பக்கத்தில் வந்தால் புகையும் பூண்டும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். அந்த வாசம் பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே அவரைக் கட்டிக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அடுப்படியில் எதிரெதிரே இரண்டு மணை, ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

அவர் குளிருக்குத் தயாராவதைப் பார்த்தால் பெண் வீட்டில் கல்யாண வேலை நடக்கிறதோ என்று தோன்றும். வைகாசியில் சீகை மரம் வெட்டி வந்து, பிளந்து, மழைத் தண்ணீர் வழிந்து ஓடும்படி பட்டை மேலே பார்க்க வடக்குச் சுவரோரம் அடுக்கி, ஆவணியில் செம்மண்ணும் சாணமும் நறுக்கின வைக்கோலும் மிதித்துக் குழைத்து, சுவரில் விரல் நுழையும் சந்து, ஊசி நுழையும் சந்து எல்லாவற்றையும் அடைத்து, புரட்டாசி வெயிலில் கம்பளிகளைப் பாறைமேல் விரித்துக் காலையில் ஒரு பக்கமும் மத்தியானம் ஒரு பக்கமும் தோசையைத் திருப்புவதுபோல் திருப்பிப் போட்டு, ஐப்பசியில் பூண்டுக் கட்டுகளை அடுப்புக்கு நேர் மேலே பரணில் புகை படும்படி தொங்கவிட்டு, அவரையும் மொச்சையும் காயவைத்துப் பானையில் அடைத்து, காற்றுக்குப் பறக்காமல் தகரக் கூரைமேல் கல் ஏற்றி, எல்லாம் முடிந்தபின் கார்த்திகை முதல் நாளன்று ஒரு புதுப் பலகையை இழைத்து மணையாக்கி, எங்கள் மணைகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று போடுவார்.

"இது யாருக்குங்க?" என்று வந்த வருஷம் கேட்டேன்.

"பனிக்கு."

"பனி வந்து உக்காருமாக்கும்?"

"வர்றவங்கள நிக்கவா வைக்கிறது, புள்ள?" என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாசிக் கடைசியில் அந்த மணையை எடுத்து அடுப்பில் வைத்து எரிப்பார்கள். விருந்தாளியை வழியனுப்பியாயிற்று என்று அர்த்தம். நடுவில் அதில் யாரும் உட்காரக்கூடாது. ஒருமுறை நான் முறுக்குச் சட்டியை அதன்மேல் வைத்துவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, அந்த மனுஷன்.

நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன் அவரை! காது மடல் விறைக்கிறது, கைவிரல் வீங்குகிறது, தேங்காய் எண்ணெயை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, மனுஷி குடியிருக்கிற இடமா இது என்று பத்தொன்பது குளிர்காலம் அவரைக் கரித்துக் கொட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதுவார். ஊதி முடித்தபின் அவர் விடும் மூச்சு தனி, குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. குளிரில் அது புகையாகத் தெரியும். என் மூச்சும் புகையாக எழும்பி, கூரைக்குப் போகிற வழியில் இரண்டும் கலந்துவிடும். இதையெல்லாம் அப்போது நான் ஒரு சுகமென்று நினைத்ததில்லை.

இருபதாவது வருஷம், ஆடி மாதத்தில், பஸ்ஸில் கீழே போய்க்கொண்டிருந்தவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தார், அப்படியே போய்விட்டார். காரியம் முடிந்ததும் அண்ணன், "இனிமே இந்தக் குளிர்ல உனக்கு என்ன வேலை? தை பொறந்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் சரி என்றேன். பத்தொன்பது வருஷமாக நான் கேட்டதைத்தானே அவன் தருகிறான்?

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. வைகாசியில் அவர் வெட்டிப் போட்ட விறகு முற்றத்தில் மலையாகக் கிடந்தது. அந்த வருஷம் என்னவோ மூன்று வீட்டுக்கு ஆகிற அளவுக்கு வெட்டியிருந்தார். அதற்கும் திட்டியிருந்தேன். ஆவணியில் அழுதுகொண்டே அடுக்கினேன், பட்டை மேலே பார்க்க. மண் மிதித்தேன், சந்து அடைத்தேன், கம்பளி விரித்தேன், கார்த்திகைப் பட்டத்தில் அவருடைய விதைப் பூண்டை அவருடைய பாத்தியில் ஊன்றினேன். ஊரே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஏனென்றால் ஊரில் வேறு யாரும் இதைச் செய்யவில்லை. மூன்று வருஷமாகக் குளிர் பேருக்கு வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனதால், கேஸ் அடுப்பும் கடையில் வாங்கின ஸ்வெட்டரும் போதும் என்று நாற்பத்துமூன்று வீடும் இருந்துவிட்டது. மணை போடுகிற பேச்சே எழவில்லை.

கார்த்திகை முதல் நாள் நான் மணை போட வேண்டும். எனக்கு ரம்பம் பிடிக்கத் தெரியாது, இழைப்புளி பிடிக்கத் தெரியாது. யாரிடமும் போய்க் கேட்கவும் மனசு வரவில்லை. அவர் மணை சும்மாதானே சுவரில் சாய்ந்திருக்கிறது என்று அதை எடுத்துத் துடைத்து, பனிக்கென்று போட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். காலையில் குடத்தில் தண்ணீர் மொள்ளப் போனேன், செம்பு டங்கென்று மோதி நின்றது. கூரைத் தகரத்தின் உள்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பரணில் தொங்கிய பூண்டுக் கட்டுகளுக்கெல்லாம் நரைத்திருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தால் வெளியே இதமாக, சொல்லப்போனால் கொஞ்சம் புழுக்கமாக இருந்தது. கம்பளியை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போய்ச் சாணம் தெளித்தேன்.

மறுநாள் உறை மோர் வாங்க வந்த அடுத்த வீட்டு மயிலாத்தா அக்கா நிலைப்படியில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "மதினி, உங்க வீட்ல வந்துருச்சா?"

"ரெண்டு நாளாச்சுக்கா."

"எங்க வீட்ல இன்னும் வரல" என்றாள், கரண்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி. மோரை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் என் அடுப்படியில் கால் மணி நேரம் உட்கார்ந்து பல்லைத் தந்தியடித்துவிட்டு, மனசு நிறைந்தவளாகப் போனாள்.

அதன்பிறகு வரத்தொடங்கினார்கள். பெட்டியில் பூச்சி உருண்டை வாசத்தோடு கிடந்த கம்பளிகளை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, குடத்து ஐஸைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஊர்ப் பெரியதனம் சின்னாண்டி மாமா, மூன்று வருஷமாகத் தனக்குச் சரியாக வராத மார்கழி இருமலை இருமிப் பார்ப்பதற்காகவே தினமும் சாயங்காலம் வந்து, திருப்தியாக இருமிவிட்டுப் போனார். பால்காரர் மிச்சப் பாலைக் கொண்டுவந்து வைத்தார். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று ஒரே கம்பளியில் வந்து உட்கார்ந்தது, கிளம்பவே மனசில்லாமல் உட்கார்ந்தது, கடைசியில் நான்தான் விரட்டினேன். கீழேயிருந்து ஓர் அதிகாரி தெர்மாமீட்டரோடு வந்து, வீட்டுக்குள் பூஜ்யம், வாசலில் இருபத்தொன்று என்று எழுதிக்கொண்டு போனார். கருவியைப் பழுது பார்க்கச் சொல்லி அவருக்கு மேலேயிருந்து பதில் வந்ததாம். வருகிற ஒவ்வொருவரும் மொச்சை கொண்டுவந்து என் அடுப்பில் வறுத்துத் தின்றார்கள். அப்படித் தின்னும்போது ஆளுக்கு ஒரு பழைய குளிரைப் பற்றிச் சொன்னார்கள், என் அம்மா கருப்பட்டிக் காப்பி போட்ட குளிர், எங்கள் எருமை கன்று போட்ட குளிர் என்று. யாரும் விலைவாசி பேசவில்லை. சண்டைக்காரர்கள்கூட ஒரே கணப்பில் கை காட்டினார்கள், ஏனென்றால் இருந்தது ஒரே கணப்பு.

அந்த மூச்சை நான் மார்கழி பிறந்த அன்றைக்குச் சாயங்காலம் பார்த்தேன். எல்லாரும் போனபின் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தேன். என் மூச்சு புகையாக எழுந்தது. எதிரே, அவர் மணைக்கு மேலே, உட்கார்ந்த ஆளுக்கு வாய் இருக்கிற உயரத்தில், இன்னொரு புகை எழுந்தது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. இரண்டும் கூரைக்குப் போகிற வழியில் கலந்தன.

நான் பயப்படவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. "நாலு மாசம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாய்விட்டு அழுதேன். பிறகு டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினேன்.

ஊர் அதையும் தெரிந்துகொண்டது. வருகிறவர்கள் அந்த மணையைத் தாண்டாமல் சுற்றிப் போனார்கள். மொச்சை வறுத்தால் அதன் முன்னாலும் ஒரு பிடி வைத்தார்கள். மயிலாத்தா அக்கா ஒருநாள் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மூச்சு நல்லாருக்கு மதினி, முன்ன மாதிரி சளி கட்டல" என்றாள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நான் அவரோடு பேசினேன். அன்றன்றைக்கு நடந்ததைச் சொன்னேன், சண்டை போட்டேன், அவர் பதில் சொல்லாததற்கும் சண்டை போட்டேன். குளிர் எலும்பைத் துளைத்தது. அது குறைந்துவிடக் கூடாதே என்று நான், பரமக்குடிக்காரி, சாமி கும்பிட்டேன்.

மார்கழி பாதியில் எல்லாரும் பேச்சைக் குறைத்தார்கள். வந்து உட்கார்வார்கள், கையைத் தேய்ப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். மார்கழிக் கடைசியில் ஒருநாள் சின்னாண்டி மாமா மடியிலிருந்து ஒரு பூண்டுச் செடியை எடுத்து என் முன்னால் வைத்தார். வேரோடு பிடுங்கியது. கீழே ஈர வெங்காயம் மாதிரி ஒரே உருண்டை.

எனக்குப் புரிந்தது. கார்த்திகையில் ஊன்றின பூண்டுக்கு மார்கழியும் தையும் குளிர் இறங்கினால்தான் மண்ணுக்குள் பல் பிரியும். குளிர் படாத பூண்டு ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும், வாங்க ஆள் இருக்காது, அடுத்த வருஷத்துக்கு விதையும் இருக்காது. நாற்பத்துமூன்று வீடும் பூண்டை நம்பித்தான் இருந்தன.

"அதுக்கு நான் என்ன பண்ணணும் மாமா?"

அவர் மணையைக் காட்டினார். "இது குழந்தைவேலு மணையில்ல? புதுசுல்ல போடணும். விருந்தாளிக்குத் தனி மணை போட்டா வரும், இருக்கும், எல்லார் வீட்டுக்கும் போகும். வீட்டுக்காரன் மணையில உக்கார வச்சா அது வீட்டு ஆளாயிருமேம்மா. வீட்டு ஆளு வீட்டை விட்டுட்டு எங்க போகும்?"

"எனக்கு யாரும் சொல்லலையே."

"எங்க தப்புத்தான். ஒருத்தனாவது மணை போட்டிருந்தா அந்தப் பக்கம் கொஞ்சம் போயிருக்கும். நாங்க போடல. தையில மணையை எடுத்துட்டின்னா வெளிய எறங்கிரும். ஆனா..." என்று நிறுத்தி, மணைக்கு மேலே எழுந்த புகையைப் பார்த்தார். "கேக்கறதுக்கு எங்களுக்கு நாக்கு எழலம்மா."

"அப்ப கேக்காதீங்க" என்றேன். "என் வீட்டு மணை. என் வீட்டு ஆளு. போங்க எல்லாரும்." கதவைச் சாத்தினேன். இரண்டு நாள் திறக்கவில்லை. யாரும் தட்டவுமில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் அவர் பாத்திக்குப் போனேன். ஊர்ப் பூண்டு எப்படியோ போகட்டும், அவர் பூண்டு அப்படிப் போகாது என்று எனக்கு ஒரு நினைப்பு. பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு அறுவடையிலும் ஆகப் பெரிய பூண்டாகப் பொறுக்கி, அதிலும் வெளிச்சுற்றுப் பல்லாகப் பொறுக்கி எடுத்த விதை அது. ஒன்றைப் பிடுங்கினேன். உருண்டை. பக்கத்துப் பாத்தியில் ஒன்று. உருண்டை. ஏழு செடி பிடுங்கினேன், ஏழும் உருண்டை. வரப்பில் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் இருப்பது அவர் மூச்சு என்றால் இங்கே மண்ணுக்குள் இருப்பதும் அவர்தான். ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்னொன்று செத்துப்போகும். பிடுங்கின ஏழையும் மடியில் கட்டிக்கொண்டு எழுந்தேன்.

சாயங்காலம் ஊர் கூடுகிற மந்தையில் போய் நின்று, "எட்டு நாள் தர்றேன்" என்றேன். "ஒரு வீட்லயாவது வெறகு இருக்கா? ஒரு சுவத்துலயாவது சந்து அடைச்சிருக்கா? ரெண்டு மாசக் குளிரு மொத்தமா எறங்கும், தாங்குவீங்களா? மொதல்ல வீட்டைப் பாருங்க. அப்புறம் எடுக்கறேன்."

அந்த எட்டு நாளில் ஐந்து மாத வேலை நடந்தது. என் முற்றத்து விறகை வீட்டுக்கு ஒரு சுமையாகப் பிரித்துக் கொடுத்தேன். மூன்று வீட்டுக்கு ஆகும் என்று நான் திட்டின விறகு, எடுக்க எடுக்க நாற்பத்துமூன்று வீட்டுக்கும் வந்தது. நானே வீடு வீடாகப் போய், பட்டையை மேலே பார்த்து வையுங்கள் என்று கத்தி, மண்ணில் வைக்கோல் போதாது என்று கத்தி, அந்தச் சந்தை யார் அடைப்பது உங்கள் மாமனாரா என்று கத்தி, கம்பளியைத் திருப்பிப் போடு, மொச்சையைப் பானையில் அடை, கூரையில் கல் ஏற்று, உருளைக்கிழங்கு இலையில் பனி விழுந்தால் வெயில் படுமுன் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும், மறந்தால் கருகிவிடும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே நடந்தேன். இந்த மலையிலேயே பிறந்தவர்கள் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். "குழந்தைவேலு மதினிக்கு நல்லாத்தான் பழக்கி விட்டிருக்கார்" என்று மயிலாத்தா அக்கா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. பழக்கவில்லை, நான் திட்டிக்கொண்டே பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சாயங்காலங்களில் வீட்டுக்கு வந்து அவருக்கு எதிரே உட்கார்வேன். மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷத்துப் பூண்டு பதினெட்டு பல், இருபது பல் என்று வெடித்துப் பிரிந்ததையும், அண்ணன் வந்து என்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியாக பஸ் ஏறியதையும் இப்போதும் ஊரில் சொல்வார்கள். மணையை எடுத்த அன்றைக்குக் காலையில் என் அடுப்படியில் நடந்தது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

தை பதினொன்று. விடிந்துவிட்டது, வெயில் இன்னும் மலையேறவில்லை. எல்லா வீட்டிலும் புதுமணை போட்டு, கதவைத் திறந்துவைத்து, அவரவர் வாசலில் நின்றார்கள். நான் உள்ளே போனேன். அவர் இருந்தார். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. எனக்கு அவரை விட மனசில்லை. அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியாது. ஊர் நாசமாகப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அதையும் மறைக்க மாட்டேன்.

கதவை அகலத் திறந்தேன். "எந்திரிங்க" என்றேன். "எல்லார் வீட்லயும் மணை போட்டிருக்கு. காத்துக்கிட்டு இருக்காங்க. போயிட்டு வாங்க."

புகை ஒருமுறை எழுந்தது. நீளமாக, இதுவரை இல்லாத நீளமாக. அது என்னைக் கடந்து போனபோது என் காது மடல் விறைத்தது. பிறகு வெளியே, தெருவின் மேல்முனையிலிருந்து ஒவ்வொரு வீடாகக் குரல் கேட்டது. "வந்துருச்சு!" "எங்க வீட்லயும் வந்துருச்சு!" "ஏ, பானையப் பாரு, பானையப் பாரு!" குரல் இறங்கி இறங்கி, பூண்டுப் பாத்திகள் இருக்கிற பள்ளம் வரைக்கும் போயிற்று.

வழக்கப்படி மணையை அடுப்பில் வைக்க வேண்டும். குனிந்து எடுக்கப் போனேன். இரண்டு மாதம் பனி உட்கார்ந்திருந்த பலகை, சில்லென்றுதானே இருக்கும் என்று முந்தானையைச் சுற்றிக்கொண்டு கை வைத்தேன். மணை சூடாக இருந்தது, ஓர் ஆள் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் எழுந்து போன மாதிரி.

நான் அதை எரிக்கவில்லை. அது ஆறுகிற வரைக்கும் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். ஆறியதும் எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வெயில் வருவதற்குள் உருளைக்கிழங்கு இலையில் இருக்கும் பனியைக் கழுவியாக வேண்டும்.